காந்தாவும் என் ஜெப ஸ்கிரிப்டும்

என் பெயர் குளோரியா. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து, ஆஸ்டின் டவுனிலேயே கல்யாணமாகி, நாலு தெரு தள்ளிக் குடிவந்தவள். உலகம் பார்த்தது அவ்வளவுதான். ஆனால் உலகத்தோடு பேசியிருக்கிறேன். வெளிநாட்டு வங்கி ஒன்றுக்காக நடந்த கால் சென்டரில் ரொம்ப வருஷம் வேலை. கார்டைத் தொலைத்தவர்கள், பில் புரியாதவர்கள், பில் நன்றாகவே புரிந்ததால் கோபமானவர்கள் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். பக்கத்து சீட்டுச் சரவணன் போனில் 'ஸ்டீவ்' ஆக வேண்டியிருந்தது. நான் ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயரோடேயே பிழைத்துக்கொண்டேன்.

பிறகு என்னைக் குவாலிட்டி பிரிவில் போட்டார்கள். மற்றவர்கள் பேசிய பதிவுகளைக் கேட்டு, எங்கே வணக்கம் சொல்லவில்லை, எங்கே அனுதாபம் காட்டவில்லை, எங்கே அனாவசியமாகப் பேசினார்கள் என்று மார்க் குறைப்பதுதான் வேலை. அடுத்தவர் பேச்சில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம். "வீட்ல இலவசமா பண்ணிட்டிருந்ததுதானே" என்பார் என் வீட்டுக்காரர் டிரேவர்.

கம்பெனி அந்த வேலையை வேறு தேசத்துக்குக் கொண்டுபோனபோது எங்களுக்கு ஒரு கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள். வீட்டில் உட்கார்ந்தேன். டிரேவர் மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீசியனாக இருந்து ரிட்டயர் ஆனவர், அமைதியை விரும்புகிறவர். கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு எனக்குத் தெரியாமல் எங்கள் சபைப் போதகர் ஜாய்சனிடம் போய், என் மனைவிக்கு அவசரமாக ஒரு டெலிபோன் தேவைப்படுகிறது என்று சொல்லியிருக்கிறார்.

சபையில் ஒரு ஜெப லைன் இருந்தது. கொரோனா சமயத்தில் யாரும் ஆலயத்துக்கு வர முடியாதபோது ஆரம்பித்தது. ஊரடங்கு போனது, போன் வருவது நிற்கவில்லை. உடைந்த நாற்காலிகளும் கிறிஸ்துமஸ் குடிலின் ஒட்டகங்களும் போட்டுவைக்கும் பின்பக்க அறையில் ஒரு மேஜை, ஒரு போன். டோரதி அக்கா வாரத்தில் பாதி நாள் அதைப் பார்த்துக்கொண்டார். மீதி நாட்கள் எனக்கு வந்தன.

முதல் நாள் அக்கா பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவர் நர்ஸாக இருந்தவர். போனை எடுத்ததும் வணக்கம் கிடையாது, "சொல்லு கண்ணு" என்றுதான் ஆரம்பம். எதிர்முனையில் அழுதால் இவரும் அழுவார். நடுவில் தன் சர்க்கரை வியாதியைப் பற்றிச் சொல்லுவார். எங்கே பேச்சு முடிந்து எங்கே ஜெபம் தொடங்கியது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. என் மனசுக்குள் மார்க் குறைத்துக்கொண்டே வந்தேன். எங்கள் கம்பெனியாக இருந்தால் மறுநாளே பயிற்சி வகுப்புக்குத் திருப்பி அனுப்பியிருப்போம்.

ஆண்டவருடைய வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று எனக்கு வைராக்கியம் வந்தது. ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். முதலில் ஸ்தோத்திரம், பிறகு பெயர், பிறகு பிரச்சனை, பிறகு ஒரு அனுதாப வாக்கியம், ஒரு வசனம், ஜெபம், கடைசியில் 'வேறு ஏதாவது ஜெபக் குறிப்பு உண்டா?' வியாதிக்குத் தனி ஜெபம், வேலைக்குத் தனி, கல்யாணத்துக்குத் தனி, பரீட்சைக்குத் தனி. பெங்களூர் என்பதால் விசாவுக்கும் தனி. வியாதி ஜெபத்தில் ஆளின் பெயருக்கும் உறுப்பின் பெயருக்கும் மட்டும் கோடு போட்டு இடம் விட்டிருந்தேன். அதை லாமினேட் பண்ணி, சுவரில், ஒட்டகங்களுக்கு மேலே ஒட்டினேன்.

நன்றாகத்தான் போனது. ஒரு நாள் மட்டும் வரி மாறிப்போய், வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை என்று கூப்பிட்டவருடைய கிட்னிக்காக உருகி உருகி ஜெபித்துவிட்டேன். அவர் பொறுமையாக ஆமென் சொன்னார். பிறகு, "கிட்னி நல்லாத்தாங்க இருக்குது, ரெண்டு பெட்ரூம்தான் வேணும்" என்றார்.

அந்த நாட்களில் ஜெபம் என்றால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். நான் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள். ஆண்டவர் பின்னால் இருக்கும் டீம். வருகிற புகாரைத் தெளிவாக எழுதி உள்ளே அனுப்புவது என் பொறுப்பு. தெளிவாக அனுப்பினால் சீக்கிரம் தீர்வு வரும். இதை ஒரு முறை பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பிரசங்கமாகவே சொன்னேன். கைதட்டினார்கள்.

காந்தா முதல் தடவை கூப்பிட்டது மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். பின்னால் நிறையப் பெண்கள் பேசும் சத்தமும் டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தமும் கேட்டது. "இது சாமிகிட்ட சொல்ற நம்பருங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பீன்யா தொழிற்பேட்டையில், கார்மெண்ட்ஸில் தைக்கிற வேலை. எங்கள் சபை இளைஞர்கள் பஸ் ஸ்டாண்டில் கொடுத்த நோட்டீசில் நம்பர் பார்த்திருக்கிறாள். நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள், பரவாயில்லையா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டாள். என் ஸ்கிரிப்டில் அதற்கு இடம் இல்லை. இருந்தாலும் பரவாயில்லை என்றேன்.

அவள் புருஷன் முனிராஜ் அங்கேயே ஒரு இரும்பு வார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். ஸ்ட்ரோக் வந்து வலது கையும் பேச்சும் போயிருந்தது. கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பேச்சு வரவில்லை. பொண்ணு மமதாவை அத்திபெலேயில் கட்டிக்கொடுத்தாயிற்று. பகலில் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொள்கிறார். இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஒரு வார்த்தை பேசிட்டார்னா நல்லா இருக்கும் மேடம். என்னைத் திட்டினாலும் சரி" என்றாள்.

வியாதி ஜெபத்தை எடுத்தேன். கோடு போட்ட இடங்களில் முனிராஜ் என்றும் நாக்கு என்றும் வைத்தேன். சுத்தமாகச் சொல்லி முடித்தேன். வேறு குறிப்பு உண்டா என்று கேட்டேன். இல்லைங்க என்றாள். அனுப்பியாயிற்று, என் வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அதே நேரத்துக்குப் போன் வந்தது. "மேடம், காந்தா. இன்னும் இல்லீங்க" என்றாள். பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்கிற மாதிரி, குறையே இல்லாத குரல். எனக்குத்தான் குறையாகக் கேட்டது. நான் இருந்த தொழிலில் ஒரே ஆள் ஒரே பிரச்சனைக்குத் திரும்பக் கூப்பிட்டால் அது முதலில் பேசியவருடைய தோல்வி. அந்த வாரம் வசனத்தை மாற்றினேன். அதற்கடுத்த வாரம் குரலை உயர்த்தினேன். ஆண்டவர் காது கேட்காதவர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் லைன் சரியில்லாதபோது கத்திப் பழகிய ஆள் நான்.

மழைக்காலம் முடிந்தது, தசரா வந்து போனது. காந்தா செவ்வாய்க்கிழமை தவறவில்லை. ஜெபத்துக்கு முன்னால் மற்றக் கதைகளும் சொல்ல ஆரம்பித்திருந்தாள். அவர் இன்றைக்கு இடது கையால் தானே சாப்பிட்டார், நான் சேலை மாற்றியதைக் கவனித்துக் கண்ணால் கேட்டார், இந்த மாதிரி. நான் பழைய வேலைப் பழக்கத்தில் அவளைத் திருப்பிக் கூட்டிவந்துவிடுவேன். "சரிம்மா, குறிப்புக்கு வருவோம்" என்பேன். அவளும் வந்துவிடுவாள்.

டோரதி அக்காவிடம் தள்ளிவிடப் பார்த்தேன். அக்கா இருக்கும் நாளில் கூப்பிடு, அவர் ஜெபம் இன்னும் ஆழமாக இருக்கும் என்றேன். காந்தா யோசித்துவிட்டு, நீங்கள் இருக்கிற நாளே எனக்குப் பழகிவிட்டது என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் போதகர் ஜாய்சனிடம் போனேன். என்னைவிட ரொம்பச் சின்னவர், சனிக்கிழமை பையன்களோடு ஃபுட்பால் ஆடுகிறவர். அன்றைக்கும் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் தொடர்ந்து ஜெபித்துக்கொள்கிறோம், நீங்கள் வாராவாரம் கூப்பிட வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் மரியாதையாகச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"அவங்க என்ன கேக்குறாங்கன்னு உங்களுக்குத் தெரியும் ஆன்ட்டி" என்றார். "எதுக்குக் கூப்பிடுறாங்கன்னு தெரியுமா?"

இரண்டும் ஒன்றுதானே என்றேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்வதற்கு எவ்வளவு மார்க் குறைக்கலாம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

நவம்பர் மாதம் குளிக்கும்போது என் மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள், ரிசல்ட் வரட்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் டிரேவர் டீ போட்டுக் கொடுத்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, ஜெபிக்கலாமா என்று கேட்டார். அவருடைய ஜெபம் எப்போதும் ஒரு வரி. 'ஆண்டவரே, நன்றி, ஆமென்.' சாப்பாட்டுக்கும் அதுதான், கல்யாண வீட்டில் கேட்டாலும் அதுதான். அந்த ஒரு வரியில் இந்த விஷயம் அடங்காது என்று, நானே செய்கிறேன் என்றேன்.

கண்ணை மூடினேன். எத்தனையோ பேருடைய எத்தனையோ உறுப்புகளுக்காக ஜெபித்த வாய். தானாகத் திறந்தது. "அன்பின் ஆண்டவரே, வேதனையோடு உம்மிடம் வந்திருக்கிற இந்தச் சகோதரியைத் தொட்டருளும்..."

டிரேவர் ஒரு கண்ணைத் திறந்து, "எந்தச் சகோதரி?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. எனக்காகப் பேச என்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஊருக்கே ஜெபிக்கிறவள் என்று பெயர் வாங்கிவிட்டு, என் சொந்தக் கட்டிக்கு வாய் அடைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். டிரேவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தன் ஒரு வரியைச் சொன்னார். நன்றி சொல்ல இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் ஒரு செவ்வாய்க்கிழமையும் வந்தது. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது, அதனால் ஜெப அறைக்குப் போனேன். மத்தியானம் போன் அடித்தது. காந்தா. இன்னும் இல்லீங்க என்றாள். நான் "அன்பின் ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். சுவரில் அடுத்த வரி கொட்டை எழுத்தில் இருந்தது. படிக்க முடியவில்லை, கண்ணாடிக்குள் தண்ணீர் நின்றது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

இருக்கேன் என்றேன்.

"அழறீங்களா?"

இல்லையே என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அவள் என்ன ஆச்சு என்று மெதுவாகக் கேட்டாள். கூப்பிடுகிறவரிடம் சொந்த விஷயம் பேசக் கூடாது என்பது நான் பலருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டி, ஊசி, காத்திருப்பு, எல்லாருக்கும் ஜெபிக்கிற எனக்கு எனக்காக ஒரு வார்த்தை வரவில்லை என்பது, எல்லாவற்றையும்.

"உங்களுக்கு யாருங்க சொல்வாங்க?" என்று கேட்டாள்.

யாரும் இல்லை என்றேன். டிரேவரின் ஒரு வரியை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு உங்க மாதிரி சொல்ல வராது. வந்த மாதிரி சொல்லட்டுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். "சாமி, நான் பீன்யாவுல இருந்து காந்தா பேசறேன். இந்த மேடம் வாராவாரம் எங்க வூட்டுக்காரருக்காக உங்ககிட்ட சொல்றாங்க, உங்களுக்கே தெரியும். இன்னைக்கு அவங்களுக்குப் பயமா இருக்குது. கூட இருங்க. அது நல்ல கட்டியா இருந்தாலும் கூட இருங்க, கெட்ட கட்டியா இருந்தாலும் கூட இருங்க. அவ்ளோதாங்க. இங்க பெல் அடிச்சிருச்சி." அப்புறம் என்னிடம் கேட்கிற குரலில், "முடிக்கறப்ப என்னமோ சொல்வீங்களே, அது என்னங்க?" என்றாள்.

"ஆமென்" என்றேன்.

"அதேதாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ரொம்ப நேரம் ஒட்டகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டி அங்கேயேதான் இருந்தது. பயமும் முழுசாகப் போகவில்லை. ஆனால் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கிற மாதிரி இல்லை. அவள் சாமியிடம் எந்தத் தீர்வும் கேட்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. கூட இருக்கச் சொன்னாள், அவ்வளவுதான். நான் இத்தனை நாளும் ஆண்டவரிடம் வேலை வாங்கத்தான் பார்த்திருக்கிறேன், வந்து உட்காரச் சொன்னதே இல்லை.

அந்த வாரக் கடைசியில் ரிசல்ட் வந்தது. சாதாரணக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வந்து காட்டினால் போதும் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே டிரேவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். செக்யூரிட்டிக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆட்டோவில் திரும்பி வரும்போது சந்தோஷத்துக்கு நடுவே எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. முருகனைக் கும்பிடுகிற அம்மா, முதல் தடவை, சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஆண்டவரிடம் பேசுகிறாள், உடனே வேலை முடிகிறது. மூன்று தலைமுறையாக ஞாயிறு தவறாத குடும்பத்தில் பிறந்த நான் அவள் புருஷனுக்காக மாதக்கணக்கில் கத்துகிறேன், ஒன்றும் காணோம். இதை டிரேவரிடம் சொன்னேன். அந்த அம்மா நம்பரைக் கொடு, என் முழங்கால் வலிக்கும் கூப்பிடுகிறேன் என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளிடம் ரிசல்ட்டைச் சொன்னேன். நல்லதுங்க என்றாள், மழை நின்றுவிட்டதைக் கேட்ட மாதிரி. பெருமை அடித்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் போதகர் கேட்ட கேள்வியை நான் அவளிடம் கேட்டேன். நீ எதுக்குமா வாராவாரம் கூப்பிடுறே?

"அவரு முன்னாடி ஓயாம பேசிக்கினே இருப்பாருங்க" என்றாள். "இப்ப வூட்ல சத்தமே இல்ல. அவரு பேரை யாரும் சொல்றதில்ல. எல்லாரும் பேஷண்டு, பேஷண்டுங்குறாங்க. நீங்க சாமிகிட்ட முனிராஜ், முனிராஜ்னு சொல்றீங்கல்ல. அதைக் கேக்க நல்லா இருக்குது."

அந்தப் பெயர் என் ஸ்கிரிப்டில் வெறும் கோடு போட்ட இடம். அன்றைக்குக் குறிப்புக்கு வருவோம் என்று சொல்லவில்லை. அவர் சேலையைக் கவனித்த கதையைத் திரும்பக் கேட்டேன். பெல் அடிக்கும்வரை சொன்னாள். வைப்பதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டேன்.

போனது நன்றிக்காகத்தான். முழுக்க நன்றிக்காக என்று சொன்னால் ஆண்டவரே சிரிப்பார். போனில் முடியாததை நேரில் முடித்துக் காட்டிவிடலாம் என்று ஒரு நப்பாசை. ஆராதனை முடிந்ததும், நல்ல புடவையோடு, ஒரு கிலோ ஆப்பிளோடு மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, பீன்யாவில் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமையும் எங்கேயோ லேத் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காந்தா மெயின் ரோட்டுக்கே வந்து கூட்டிப்போனாள். குரலை வைத்து நான் ஒல்லியான ஆளை நினைத்திருந்தேன். நல்ல உயரமும் அகலமுமாக இருந்தாள். அவளும் என்னைப் பார்த்து ஏமாந்த மாதிரிதான் தெரிந்தது. போனில் என் குரல் உயரமான ஆள் மாதிரிக் கேட்டிருக்கும்.

வரிசை வீடுகளில் ஒன்று, ஒரே அறை. சுவரில் முருகன், கீழே சின்ன விளக்கு. கட்டிலில் முனிராஜ் இஸ்திரி போட்ட சட்டையோடு, மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். எதிரே டிவியில் கிரிக்கெட் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. வணக்கம் சொன்னேன். இடது கையை நெஞ்சில் வைத்தார். காபி குடித்தோம். பிறகு காந்தா டிவியை நிறுத்திவிட்டு, மேடம் ஜெபம் பண்ணப்போறாங்க என்று அவரிடம் சொன்னாள். அவர் என்னைக் கூர்மையாகப் பார்த்தார். நன்றியோடு பார்க்கிறார் என்று நினைத்தேன்.

ஸ்கிரிப்ட் வேண்டாம், காந்தா சொன்ன மாதிரி வந்ததைச் சொல்வோம் என்று வழியெல்லாம் முடிவு பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். அப்படித்தான் ஆரம்பித்தேன். முனிராஜ் என்று பெயரைச் சொன்னேன், காந்தா என்று சொன்னேன், கூட இருங்கள் என்று சொன்னேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நல்ல அமைதி, இரண்டு பேர் கேட்கிறார்கள், என் குரலும் அன்றைக்கு எடுப்பாக இருந்தது. நாக்குக்குப் போனேன், கைக்குப் போனேன், மமதாவின் குடும்பத்துக்குப் போனேன். பிறகு பட்டறைத் தொழிலாளர்கள், கார்மெண்ட்ஸ் பெண்கள், பீன்யா, கர்நாடகம், நாட்டை ஆளுகிறவர்கள். எனக்கே கண் கலங்கியது.

"சாக்கு."

பக்கத்து வீட்டில் யாரோ என்று நினைத்துத் தொடர்ந்தேன்.

"சாக்கு."

டம்ளர் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. கண்ணைத் திறந்தேன். முனிராஜ் இடது உள்ளங்கையை, வண்டியை நிறுத்துகிற டிராஃபிக் போலீஸ் மாதிரி என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார்.

கன்னடம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாக்கு என்றால் போதும்.

காந்தா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "பேசிட்டாருங்க" என்றாள். "மேடம், உங்களைத்தான் சொன்னாரு."

என் வாழ்க்கையிலேயே வேகமான ஆமெனை அப்போது சொன்னேன்.

அவர் பட்டறையில் செய்த வேலை என்ன என்று அவள் பிறகு மூச்சு வாங்கச் சொன்னாள். உருகிய இரும்பை அச்சில் ஊற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நிரம்பியதும் கையை நீட்டிச் சாக்கு என்று கத்துவார். ஊற்றுகிறவர்கள் நிறுத்துவார்கள். வாழ்நாள் முழுக்க அதே வார்த்தை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா பின்னால் இதைக் கேட்டுவிட்டு, பழக்கத்தில் ஊறிய வார்த்தைதான் முதலில் திரும்பும் என்றாராம். அப்படியும் இருக்கும். பொங்கி வழிந்த என்னைப் பார்த்து அவருக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது. அன்றைக்கு அவர் அடுத்தபடியாகச் செய்தது, கையைத் திருப்பி டிவியைக் காட்டியது. காந்தா போட்டாள். மேட்ச் முடியும்வரை மூன்று பேரும் ஆப்பிள் சாப்பிட்டுக்கொண்டு பார்த்தோம். எனக்குக் கிரிக்கெட் புரியாது. கிளம்ப மனசு வரவில்லை.

மெட்ரோவில் திரும்பி வரும்போது நானாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த பெண் இடம் மாறி உட்கார்ந்தாள்.

டிரேவர் விஷயத்தைச் சபை முழுக்கப் பரப்பினார். ஊமையாக இருந்தவரைப் பேசவைத்தாள், அதுவும் தன்னை நிறுத்தச் சொல்லி என்றார். டோரதி அக்கா என்னைக் கட்டிக்கொண்டு வழக்கம்போல அழுதார். போதகர், ஆராதனையில் எல்லார் முன்னாலும் நின்று சாட்சி சொல்லச் சொன்னார். உள்ளதை உள்ளபடி, கிட்னியிலிருந்து சாக்குவரை சொன்னேன். ஆலயத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இதில் யாருடைய ஜெபம் கேட்கப்பட்டது, எது பயிற்சி, எது அதிசயம் என்று ஆராதனை முடிந்து ஒருவர் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். காந்தாவிடம் கேட்டால் எங்கள் சாமி, உங்கள் சாமி, டாக்டரம்மா என்று மூன்று பேருக்கும் நன்றி சொல்லுவாள். நான் என் ஆண்டவரிடம்தான் நன்றி சொல்கிறேன். ஆனால் அவர் என் மூலமாகத்தான் வேலை செய்தார் என்று இப்போது அடித்துச் சொல்ல மாட்டேன். என்னை மீறியும் செய்கிறார், என்னை நிறுத்தியும் செய்கிறார்.

சுவரில் இருந்த ஸ்கிரிப்டைக் கழற்றினேன். சும்மா வரவில்லை, பெயிண்டையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. அதற்கு ஜாய்சன் முகம் சுளித்தார். இப்போது போனை எடுத்தால் பேசவிட்டுக் கேட்கிறேன். பாதி நேரம் கேட்டு முடிப்பதற்குள் அவர்களே ஜெபித்து முடித்த மாதிரி ஆகிவிடுகிறது. நான் கடைசியில் பெயரைச் சொல்லி, இவர் பக்கத்தில் இரும் என்று மட்டும் சேர்க்கிறேன். பழைய வியாதி இல்லாமல் இல்லை. வேறு குறிப்பு உண்டா என்று இன்னமும் வாயில் வந்துவிடுகிறது.

முனிராஜுக்கு அதற்குப் பிறகு டீ என்ற வார்த்தை வந்தது, ஃபேன் வந்தது, வேண்டாம் என்பது நன்றாகவே வந்தது. முழு வாக்கியம் இன்னும் இல்லை. ஒருவேளை வராமலே போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஈஸ்டருக்குப் பிறகு ஒரு நாள் காந்தா கூப்பிட்டு, காலையில் என் பேரைச் சொன்னாருங்க என்றாள். வசனம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை, தேடவும் இல்லை. இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

காலையில் டிரேவர் வாக்கிங் போனதும் சமையலறை ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். எனக்காகப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன். நன்றாக வருகிறது என்று சொல்ல முடியாது. ஆறு மாதச் செக்கப் பயத்தைச் சொல்ல ஆரம்பிப்பேன், நடுவில் மாடி வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்தது ஞாபகம் வரும், அதையும் சொல்லிவிடுவேன். இன்று காலை எதையும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருந்தேன், ஜன்னல் வழியாக வெயில் சிங்க்கில் விழுவதைப் பார்த்துக்கொண்டு. அதுவும் ஜெபத்தில் சேருமா என்று யோசிப்பதற்குள் குக்கர் விசில் அடித்தது, எழுந்துபோய்விட்டேன்.